வீதியிற் கிடக்கும் ஊசி யாருடைய குற்றம்?

(கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் முழு வடிவம்)



காணியென்றும் நீரென்றும் மொழியென்றும் பேசிப் பழகிய மேடையிலே, அமெரிக்க நகரங்களின் வீதிகளிற் கிடக்கும் ஊசிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது நமக்கு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நம்மவர் பல்லாயிரவர் இன்று ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்நகரங்களின் செல்வத்தைச் சொல்லி, அதே மூச்சில் நடைபாதையிலே கூடாரம் அடித்து வாழும் மனிதரையும் அவர்களைச் சூழ்ந்து கிடக்கும் ஊசிகளையும் சொல்லி முகத்தைச் சுளிக்கின்றனர். "அரசாங்கமே ஊசியை இலவசமாகக் கொடுக்கிறதாமே, இது என்ன நியாயம்?" என்று நம்மைக் கேட்டவர் பலர். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் அக்கேள்விக்கு விடை கூறும் கடமை நமக்குண்டு.

முறைப்பாட்டுக்காரரின் கட்சியை முதலிற் கேட்பதே முறை. காலையிற் கடை திறக்க வரும் வணிகர் தமது வாசற்படியிலே பாவித்த ஊசிகளைக் காண்கிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய் அதன் கையை இறுகப் பற்றி, நிலத்தையே பார்த்தபடி நடக்கிறாள். பூங்காவைக் கூட்டும் தொழிலாளி குப்பைப் பையைத் தூக்கும்பொழுது உள்ளே கிடந்த ஊசி அவர் காலிற் குத்துகிறது. இம்மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: எங்கள் வரிப்பணத்தில் ஊசி கொடுப்பதை நிறுத்தினால் எங்கள் வீதி துப்புரவாகிவிடாதா?

இது நேர்மையான கேள்வி. இரக்கமற்றவர்களின் கேள்வி என்று இதனைத் தள்ளிவிடும் கனவான்கள் உளர். அவர்களுடைய வீட்டு வாசலில் ஊசி கிடப்பதில்லை.

அச்சத்தின் அளவையும் அறிந்துகொள்ளல் நன்று. ஆஸ்பத்திரியிலே, எச்.ஐ.வி. கிருமியுடைய நோயாளியின் இரத்தம் படிந்த ஊசி தாதியொருவரின் கையிற் குத்திவிட்டாற்கூட, தொற்று ஏற்படுவது ஏறக்குறைய 300 தடவைக்கு ஒரு தடவையே. வெயிலிலும் மழையிலும் கிடந்து காய்ந்துபோன ஊசியால் அக்கிருமி தொற்றுவது அதனினும் மிக அரிது. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் 'பி' கிருமி இன்னும் வன்மையுடையது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும் பிள்ளையின் காலில் ஊசி குத்திவிட்ட தாயிடம் சென்று இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்! வீதி துப்புரவாக இருக்கவேண்டும் என்பது அவளது உரிமை. அவ்வுரிமையை எவ்வழியால் நிறைவேற்றலாம் என்பதே நம்முன் உள்ள வினா.

ஊசி கொடுக்கும் வழக்கம் வந்த கதை

1984-ஆம் ஆண்டிலே ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்தில், போதைவஸ்து பாவிப்போர் தாமே அமைத்த சங்கமொன்று நகரச் சுகாதாரப் பகுதியின் துணையோடு பழைய ஊசியை வாங்கிப் புதிய ஊசியைக் கொடுக்கத் தொடங்கியது. அவர்கள் அப்பொழுது அஞ்சியது ஹெப்பற்றைற்றிஸ் நோய்க்கு. எயிட்ஸ் என்னும் கொடிய நோய் ஊசி வழியாகவும் பரவும் என்பது பின்னர் பரவலாக உணரப்பட்டபொழுது, அந்த வழக்கம் பிற நாடுகளிலும் வேரூன்றியது.

கொடாமல் விட்டால் என்ன நிகழும் என்பதை ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோ உலகத்துக்குக் காட்டிற்று. 1980-களின் தொடக்கத்திலே அந்நகரத்தில் ஹெரோயின் பெருகியது. பொலிசார் கடுமையாக நடந்துகொண்டனர். ஊசியைக் கண்டாற் பறித்தனர். ஊசி விற்பனையும் அருகியது. போதைவஸ்து குறைந்ததா? இல்லை. இருந்த ஓர் ஊசியைப் பத்துப் பேர் பங்கிட்டனர். 1986-இல் வெளியான ஆய்வொன்றின்படி, அந்நகரத்துப் பொது வைத்தியர் நிலையமொன்றிற் பரிசோதிக்கப்பட்ட 164 பேரில் 83 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. சிறிது தூரத்திலுள்ள கிளாஸ்கோ நகரத்திலும் ஹெரோயின் இருந்தது. தொற்றோ மிகக் குறைவாக இருந்தது.

அமெரிக்காவில் இவ்வியக்கம் சட்டத்தோடு மோதிக்கொண்டே பிறந்தது. 1988 ஓகஸ்ட் மாதத்தில் டேவ் பேர்ச்சஸ் என்பவர் ரக்கோமா நகரத்து வீதியோரத்தில் ஒரு மடிப்பு மேசையை விரித்து ஊசி மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலே சில தொண்டர்கள் சட்டத்தை மீறி அதே பணியை ஆரம்பித்தனர். 1993-இல் அந்நகரத்து மேயர் பிராங் ஜோர்டான் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்து அதற்கு இடமளித்தார். அவர் அதற்குமுன் பொலிஸ் தலைவராக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். நியூஹேவன் நகரத்தில் 1990-இல் தொடங்கிய பணியில், திரும்பி வந்த ஊசிகளையே யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். கிருமி படிந்த ஊசிகளின் விகிதம் சில மாதங்களுள் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது.

மத்திய அரசின் போக்கு வேறாக இருந்தது. 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இப்பணிக்கு மத்திய அரசின் பணம் ஒரு சதமேனும் செல்லலாகாது என்று தடைவிதித்தது. 2009-இல் அத்தடை நீங்கியது. 2011-இல் மீண்டும் வந்தது. 2015 இறுதியில் அரைகுறையாகத் தளர்ந்தது. அத்தளர்வின் சொற்களைப் படித்தபொழுது நமக்குச் சிரிப்பே வந்தது. ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், கட்டடத்துக்கு வாடகை கொடுக்கலாம், வாகனம் வாங்கலாம், குப்பைப் பெட்டியும் வாங்கலாம். ஊசியை மட்டும் வாங்கலாகாது! கலப்பை, எருது, எரு எல்லாவற்றுக்கும் கடன் தருவோம், விதைநெல்லுக்கு மட்டும் தரமாட்டோம் என்று சொன்னாற் கமக்காரர் என்ன சொல்வார்?

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். ஊசி கொடுக்கும் நகரத்தில் வீதி அழுக்காகவும், கொடாத நகரத்தில் துப்புரவாகவும் இருக்கிறதா? இதனை வாதத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை. வீதியில் நடந்து எண்ணிப் பார்த்தவர்கள் உளர்.

2012-இல் வெளியான ஆய்வொன்று இரு நகரங்களை ஒப்பிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஊசி வழங்கும் நிலையங்கள் பல ஆண்டுகளாக இயங்கின; மயாமியில் அக்காலத்தில் ஒன்றேனும் இல்லை. போதைவஸ்து மலிந்த பகுதிகளில் ஆய்வாளர் தெருத்தெருவாக நடந்து தேடினர். சான் பிரான்சிஸ்கோவில் 1000 தெருப்பகுதிகளுக்கு 44 ஊசி என்ற கணக்கிற் கிடந்தன. மயாமியிலோ 371! பாவிப்போரை விசாரித்தபொழுது, மயாமியில் 100 ஊசிகளில் 95 தகாத இடங்களில் எறியப்பட்டதாகவும், சான் பிரான்சிஸ்கோவில் 13 மட்டுமே அவ்வாறு எறியப்பட்டதாகவும் தெரியவந்தது. ஊசி கொடாத நகரத்திலே எட்டு மடங்கு ஊசி வீதியிற் கிடந்தது.

காரணம் எளியது. ஊசி கொடுக்கும் இடந்தான் ஊசியைத் திரும்ப வாங்கும் இடமுமாகும். அவ்விடம் இல்லாத நகரத்தில் ஊசி எப்படியோ கிடைத்துவிடுகிறது. அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இடமில்லை. புளோரிடா மாநிலம் 2016-இற் சட்டத்தை மாற்றி, அவ்வாண்டு டிசெம்பரில் மயாமியில் ஒரு நிலையத்தைத் திறக்க இடமளித்தது. பின்னர் அதே ஆய்வாளர் குழுவினர் மீண்டும் நடந்து எண்ணியபொழுது, வீதியிற் கிடந்த ஊசிகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருந்தன.

ஆனால் சான் பிரான்சிஸ்கோவை நாம் சொர்க்கமாக்க வரவில்லை. 2018-இல் அந்நகரம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 4 இலட்சம் ஊசிகளை வழங்கியது. நிலையங்களிலும் பெட்டிகளிலும் திரும்பி வந்தவை ஏறக்குறைய 2 இலட்சத்து 46 ஆயிரம். எஞ்சியவை எல்லாம் வீதிக்கு வந்தன என்று கொள்வது தவறு. ஆயினும் ஆயிரக்கணக்கானவை வந்தன. அவ்வாண்டு மேயர் மார்க் பரல், ஊசி பொறுக்குவதற்கென்றே பத்துப் பேரை நியமித்தார். ஆண்டுக்கு அரைக் கோடி ஊசி வழங்கும் நகரம் முப்பதாண்டு கழித்துப் பத்துப் பேரை நியமிப்பது பெருமைக்குரிய செய்தியன்று. வழங்கும் கையை ஓராள் ஆக்கி, பொறுக்கும் கையை இன்னோராள் ஆக்கி, இடையில் எவரும் பொறுப்பேற்காத நிலையைத்தான் கடைக்காரர் சபித்தார். அதிலே அவர்பக்கம் நியாயமுண்டு.

வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடித்த பின் வெறும் போத்தலை வரம்பிலே எறிந்துவிட்டுப் போகும் வழக்கம் நமக்குத் தெரியாததன்று. வெறும் போத்தலை வாங்கிக்கொள்ள ஊரில் ஓரிடம் இல்லாதவரை அது வரம்பிலேதான் கிடக்கும். மழை வந்தால் வாய்க்காலுக்குப் போகும். மருந்தை விற்பவர் போத்தலையும் திரும்ப வாங்கவேண்டும் என்று கேட்பதே முறை. ஊசிக்கும் அதுவே. அதே சான் பிரான்சிஸ்கோவில் 2014-இலிருந்து காவலாளியோடு கூடிய பொது மலசலகூடங்கள் வீதியோரங்களில் வைக்கப்பட்டு, ஊசி போடும் பெட்டிகளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. ஒதுங்க இடமற்றவர் எங்கே ஒதுங்குவார் என்ற கேள்வியை நகரம் ஒன்று கேட்டதன் பலன் அது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

சார்ள்ஸ்டனில் நடந்தது

துப்புரவின் பெயரால் ஊசிநிலையத்தை மூடிய நகரம் ஒன்றும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மேற்கு வேர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கங்களின் மாநிலம். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. முதுகு முறிய உழைத்தவர்களுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த நோவு மாத்திரைகள் பலரை அடிமையாக்கின. மாத்திரை கிடைக்காதபொழுது அவர்கள் ஹெரோயினுக்கு மாறினர். அம்மாநிலத்தின் தலைநகரான சார்ள்ஸ்டன் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் நகரம். 2015 டிசெம்பரிலே அங்குள்ள சுகாதாரப் பகுதி ஊசி வழங்கும் பணியை ஆரம்பித்தது. மக்கள் திரண்டனர். ஊசிகள் பூங்காக்களிலும் மலசலகூடங்களிலும் கிடந்தன. மேயர் வெகுண்டார்; பொலிஸ் பகுதி கடும் நிபந்தனைகளை விதித்தது; 2018 மார்ச்சிற் பணி நிறுத்தப்பட்டது. வேறொரு மருந்தகம் கட்டுப்பாடுகளோடு சிறிதளவில் நடத்தியது. பெருவாரியானவர்கள் வந்த கதவு அடைபட்டது.

அந்நகரம் அமைந்த கனவா மாவட்டத்திலே, ஊசியினால் எச்.ஐ.வி. தொற்றியவர்களாகப் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 2018-இல் இருவர். 2019-இற் பதினைவர். 2020-இல் 35 பேருக்குக் குறையாதோர். எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நியூயோர்க் நகரத்திலே 2019-ஆம் ஆண்டு முழுவதற்கும் அவ்வகைத் தொற்று 36. கனவா மாவட்டத்தின் மக்கள்தொகை இரண்டு இலட்சமும் இல்லை. 2021 பெப்ரவரியில் மத்திய சுகாதார நிலையத்தின் எச்.ஐ.வி. தடுப்புத் தலைவர், அமெரிக்கா முழுவதிலும் மிகக் கவலைக்குரிய பரவல் இதுவே என்று அறிவித்தார்.

ஒன்றன்பின் ஒன்று வந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று வாதிடுவது வழக்கறிஞருக்கு அழகன்று. அதை நாம் அறிவோம். ஆனால் எடின்பரோவிற் கண்டதையும் நியூஹேவனிற் சோதித்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கும் எந்த யூரரும் வேறு தீர்ப்புக்கு வருவது அரிது.

இத்தனைக்கும் பின்பு மாநிலச் சட்டசபை என்ன செய்தது? 2021-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஊசி வழங்கும் நிலையத்துக்கு உரிமமும் உள்ளூராட்சி மன்றங்களின் ஆதரவும் வேண்டும். ஊசி பெற வருபவர் அம்மாநில அடையாள அட்டையைக் காட்டவேண்டும். பழைய ஊசி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாற் புதிய ஊசி ஒன்று என்பதே குறிக்கோளாக இருக்கவேண்டும். மத்திய நீதிமன்றத்திலே இச்சட்டம் எதிர்க்கப்பட்டது; அதே ஆண்டு ஜூலையில் நீதிபதி அதனை இடைநிறுத்த மறுத்துவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று! கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வெறும் போத்தலைக் கொண்டுவந்தால் மண்ணெண்ணெய் ஊற்றித் தருவோம் என்ற பழைய சங்கக்கடை முறை போலத் தோன்றுகிறது. ஆனால் போத்தலை வைத்திருக்க நமக்கு ஒரு குசினி மூலை இருந்தது. வீடற்றவருக்கு மூலை எங்கே? பாவித்த ஊசி முழுவதையும் அவர் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு நாள் முழுவதும் திரியவேண்டும். அதிலேதான் சட்டத்தின் சூழ்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலே போதைவஸ்து ஏற்றும் ஊசியை வைத்திருப்பதே குற்றம். பாவித்த ஊசியில் ஒட்டியிருக்கும் துளி போதைவஸ்து வைத்திருந்தமைக்குச் சான்றாகவும் கொள்ளப்படலாம். ஊசியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருபவர் வழியிற் பொலிசாரிடம் அகப்பட்டாற் குற்றவாளி. பற்றைக்குள் எறிந்துவிட்டு வெறுங்கையோடு நடப்பவர் குற்றமற்றவர். கொண்டுவா என்று ஒரு சட்டம், கொண்டுவந்தாற் பிடிப்பேன் என்று இன்னொரு சட்டம்! இரண்டுக்குமிடையில் அகப்பட்ட மனிதர் எதைச் செய்வார் என்பது எவருக்கும் விளங்கும். வீதியிற் கிடக்கும் ஊசிகளிற் பல, பொலிசாரைக் கண்ட அச்சத்தில் நழுவவிட்டவையே.

அடையாள அட்டைக் கதை இன்னும் மோசமானது. நகரசபை லொறி வந்து கூடாரங்களை அள்ளும்பொழுது கம்பளியோடும் மருந்தோடும் அடையாள அட்டையும் குப்பைக்குப் போவதுண்டு. புதிய அட்டைக்கு முகவரி கேட்பார்கள். முகவரி இல்லாதவரிடம் முகவரி கேட்பதும், அது இல்லாமையால் அட்டை மறுப்பதும், அட்டை இல்லாமையால் ஊசி மறுப்பதும், கடைசியிற் கிருமியை மட்டும் மறுக்காமற் கொடுப்பதும் ஆட்சிமுறை என்று சொல்லத்தக்கதா? கடதாசியைக் கேட்டே மனிதரை இல்லாமற் செய்யும் வித்தையைப் பற்றி இந்த அவையிலுள்ளோருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தியானா மாநிலத்து ஸ்கொட் மாவட்டத்தின் செய்தியும் அறியத்தக்கது. நாலாயிரம் பேர் வாழும் ஒஸ்ரின் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு 2015-இல் எச்.ஐ.வி. பரவி, அவ்வாண்டு முடிவதற்குள் 180 பேருக்கு மேல் தொற்றியது. ஊசி வழங்குவதைக் கொள்கையளவில் எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ், மார்ச் மாதத்தில் அவசரநிலையைப் பிரகடனம் செய்து அதற்கு அனுமதி கொடுத்தார். பரவல் அடங்கியது. அடங்கியபின், 2021 ஜூனிலே மாவட்ட ஆணையாளர் மூவரில் இருவர் வாக்களித்து அந்நிலையத்தை மூடத் தீர்மானித்தனர். அணை கட்டியபின் வெள்ளம் வரவில்லையே, அணை எதற்கு என்று கேட்ட கதை!

உறக்கத்துக்குக் குற்றப்பணம்

ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வேரை மறந்தவர்களாவோம். வீட்டுக்குள்ளே போதைவஸ்து பாவிப்பவர்களும் உளர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உளர். அவர்களுடைய ஊசி வீதியிற் கிடப்பதில்லை. அவர்கள் ஒழுக்கத்திற் சிறந்தவர் என்பதாலன்று. அவர்களுக்குக் கதவும் குப்பைத்தொட்டியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2024-இல் ஓர் இரவு எடுத்த கணக்கின்படி வீடற்றோர் 8,323 பேர். வீட்டு வாடகை கூலியை விஞ்சிய நகரம் அது.

ஒறிகன் மாநிலத்திலே கிராண்ட்ஸ் பாஸ் என்றொரு சிறு நகரம். வழக்கெழுந்த காலத்தில் நகரசபை நடத்தும் தங்குமடம் ஒன்றேனும் அங்கிருக்கவில்லை. பொது இடத்தில் கம்பளி விரித்து உறங்கினால் 295 டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் அது 537 டொலர் 60 சதமாக உயர்ந்தது. மீண்டும் மீண்டும் உறங்கினாற் சிறை காத்திருந்தது. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஜூன் 28-இல் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்து, இக்குற்றப்பணம் அரசியலமைப்புத் தடுக்கும் கொடிய தண்டனையன்று என்றனர். அதே நீதிமன்றம் 1962-இலே ரொபின்சன் வழக்கில், போதைக்கு அடிமையாய் இருத்தல் என்னும் நிலையைக் குற்றமாக்கலாகாது என்று தீர்த்திருந்தது. அத்தீர்ப்பை 2024-இல் ஒதுக்காமல், கிராண்ட்ஸ் பாஸ் சட்டம் நிலையைத் தண்டிக்கவில்லை, செயலையே தண்டிக்கிறது என்று பெரும்பான்மையோர் விளக்கினர். வீடற்றிருப்பது குற்றமில்லை, வீடற்றவர் கண் அயர்வதே குற்றம் என்பது அதன் பொருள். இவ்வேறுபாட்டை அழகாக எழுதலாம். அதன்மேற் படுத்து உறங்க முடியாது.

அத்தீர்ப்பின்பின் பல நகரங்கள் கூடாரங்களை விரைந்து அகற்றத் தொடங்கின. அகற்றப்படும் மனிதர் மறைவதில்லை. அடுத்த ஒழுங்கைக்குப் போகிறார். அவரை அறிந்திருந்த தொண்டர் அவரைத் தேடி அலைகிறார். ஊசிப் பெட்டி பழைய இடத்தில் நிற்கிறது. ஊசி புதிய இடத்தில் விழுகிறது.

எதிர்வாதங்கள்

ஊசி கொடுத்தால் போதைப் பழக்கம் பெருகும் என்பர். சியாட்டில் நகரத்தில் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ஊசி நிலையத்துக்குப் புதிதாக வரத் தொடங்கியோர், ஒருபொழுதும் வராதோரைவிட ஐந்து மடங்கு கூடுதலாகச் சிகிச்சையிற் சேர்ந்தனர் என்று காட்டியது. அடிமைப்பட்டவர் அரசாங்கத்தின் வாசலுக்குத் தாமே நடந்து வரும் ஒரே இடம் அதுவாயின், மற்றக் கதவுகளையும் அங்கேயே திறந்து வைக்கலாமன்றோ?

காலம் மாறிவிட்டது என்பது மற்றொரு வாதம். இதில் உண்மையுண்டு. இன்று அமெரிக்காவை அழிப்பது பென்ரனில் என்னும் செயற்கை மருந்து. அதனைப் பலர் ஊசியால் ஏற்றாமற் புகைக்கின்றனர். சான் பிரான்சிஸ்கோவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் அளவுமீறிய போதையால் 800-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்வளவு சாவைக் கண்ட நகரம் பொறுமையிழப்பது இயல்பு. 2025 ஏப்ரலில் மேயர் டானியல் லூரி, புகைக்கும் கருவிகளைப் பொது இடங்களில் வழங்குவதை நிறுத்தினார். ஊசியைச் சிகிச்சை ஆலோசனையோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்றும் விதித்தார். ஆலோசனை கூறுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆலோசனையைக் கேட்டு, சரி, இன்றே சிகிச்சைக்கு வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அன்றே கொடுக்கக் கட்டில் இருக்கிறதா என்பதே நம் கேள்வி. அவ்வாண்டு ஜூலையில் ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் பிறப்பித்த கட்டளையோ, கெடுதி குறைக்கும் பணிகளுக்கு மத்திய அரசின் மானியம் செல்லாமற் பார்த்துக்கொள்ளும்படி பணித்தது. 1988-இன் மனப்பான்மை வேறு உடையில் திரும்பிவிட்டது.

சூரிச் கற்ற பாடம்

இனி, நம்மவருக்கு அறிமுகமான ஒரு நகரம். 1980-களிலே நம் இளைஞர் அகதிகளாய்ச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றிறங்கிய காலத்தில், சூரிச் புகையிரத நிலையத்தின் பின்னாலுள்ள பிளாட்ஸ்ஸ்பிட்ஸ் பூங்கா ஐரோப்பா முழுவதும் ஊசிப் பூங்கா என்று பெயர்பெறும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1985-இல் அம்மாநிலத்துத் தலைமை வைத்திய அதிகாரி ஊசி வழங்குவதைத் தடைசெய்தார். வழங்கும் வைத்தியரின் அனுமதிப் பத்திரம் பறிபோகும் என்றும் எச்சரித்தார். ஏறக்குறைய முந்நூறு வைத்தியர்கள் ஒன்றாய்க் கையொப்பமிட்டு, நாம் வழங்கியே தீருவோம் என்றனர். தடை விழுந்தது. சாத்வீக முறையில் சட்டத்தை எதிர்ப்பது எப்படி என்பதை வெள்ளைச் சட்டை அணிந்தோரும் அறிந்திருந்தனர் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

1992 பெப்ரவரி 5-இல் நகர நிர்வாகம் பூங்காவை அடைத்தது. வீடும் சிகிச்சையும் ஆயத்தமாகுமுன் வாயில் அடைபட்டது. கூட்டம் கலைந்து, சிறிது தூரத்திலே கைவிடப்பட்டிருந்த லெட்டன் புகையிரத நிலையத்திற் கூடிற்று. அதே ஊசி, அதே சாவு, வேறு இடம். மூன்று ஆண்டு கழித்து, 1995 பெப்ரவரியில், லெட்டனும் மூடப்பட்டது. இம்முறை கூட்டம் வேறோரிடத்தில் அவ்வாறு திரளவில்லை. இடைக்காலத்தில் நகரம் வேலை செய்திருந்தது. தங்குமடங்கள் இருந்தன, தாதியின் கண்காணிப்பிலே ஊசி ஏற்றிக்கொள்ளும் அறைகள் இருந்தன, மெதடோன் சிகிச்சை இலகுவாகக் கிடைத்தது, வேறெதற்கும் இசையாத நோயாளிகளுக்கு வைத்தியரே ஹெரோயினை அளந்து கொடுக்கும் முறை 1994-இல் தொடங்கியிருந்தது. பொலிசாருக்கும் அதில் வேலை இருந்தது: வியாபாரியைப் பிடிப்பதும், நோயாளியை அறைக்கு வழிகாட்டுவதும். அந்த ஹெரோயின் சிகிச்சை முறை 2008 நவம்பரில் மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டபொழுது, வாக்களித்தோரில் நூற்றுக்கு 68 பேர் அதனை ஏற்றனர். கட்டுப்பாட்டிலும் துப்புரவிலும் உலகம் வியக்கும் மக்கள் அவர்கள்.

அங்கும் கதை முடிந்துவிடவில்லை. 2023-இல் நகர மத்தியிலிருந்த அத்தகைய நிலையமொன்று இடம் மாற்றப்பட்டபொழுது, சில மாதங்களுக்குள் பெக்கர் அன்லாகே என்னும் சிறு பூங்காவிற் பாவிப்போர் கூடத் தொடங்கினர். அயலிலுள்ள தாய் தந்தையர் முறையிட்டனர். நகரசபை பொலிசாரை அனுப்பியது. அதனோடு நிற்காமல், அவ்வாண்டு நவம்பரில் அருகிலேயே தற்காலிகமாக இன்னொரு நிலையத்தைத் திறந்து, உள்ளே இருக்கையும் ஊசிப் பெட்டியும் வைத்தது.